மஞ்சள் கறை முதல் பூமியின் சுற்றளவு வரை: வீட்டுக் கேள்விகளைப் பின்தொடர ஒரு வழிகாட்டி

கல்யாணப் பந்தியில் என் வெள்ளை வேட்டியில் சாம்பார் கொட்டிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் துணி சோப்பை எடுத்துத் தேய்த்தேன். மஞ்சளாக இருந்த கறை ஒரே நொடியில் ரத்தம் பட்டது மாதிரி சிவந்தது. இரண்டு வாளித் தண்ணீரில் அலசிய பிறகு மறுபடியும் மஞ்சளுக்கே திரும்பியது. "விடுடா, வெயில்ல போடு, தானா போயிடும்" என்றார் அம்மா. மறுநாள் சாயங்காலம் கொடியிலிருந்து எடுத்தபோது கறை இருந்த இடத்தைத் தேட வேண்டியிருந்தது.

சின்ன வயசிலிருந்து பார்க்கிற விஷயம்தான். அன்றைக்குத்தான் மூன்று கேள்விகளாகத் தோன்றியது. சோப்பு பட்டால் ஏன் சிவக்கிறது? அலசினால் ஏன் பழைய நிறம் வருகிறது? வெயில் ஏன் கறையைத் தின்கிறது? போனை எடுத்துக் கேட்டிருந்தால் மூன்றுக்கும் இரண்டு நிமிடத்தில் பதில் வந்திருக்கும், அடுத்த வாரமே மறந்தும் போயிருக்கும். அதனால் முதலில் கையால் கேட்டேன், பிறகுதான் படித்தேன். அந்த வரிசையில் செய்தது இன்றுவரை மறக்கவில்லை. இந்த வழிகாட்டியும் அதே வரிசையில் போகிறது. ஆய்வகம் வேண்டாம். சமையலறையும் மொட்டை மாடியும் ஒரு நாற்பது பக்க நோட்டும் போதும்.

படி 1: "ஏன்" என்பதை "எது, எப்போது, எவ்வளவு" என்று மாற்றுங்கள்

"மஞ்சள் ஏன் சிவக்கிறது?" என்று கேட்டால் செய்து பார்க்க ஒன்றும் இல்லை, யாரிடமாவது போய்க் கேட்கத்தான் வேண்டும். "எதெல்லாம் பட்டால் சிவக்கிறது, எதெல்லாம் பட்டால் சிவப்பதில்லை?" என்று மாற்றிப் பாருங்கள். உடனே வேலை கிடைத்துவிடும்.

"பானைத் தண்ணீர் ஏன் ஜில்லென்று இருக்கிறது?" என்பதும் அப்படித்தான். ஆவியாதல் என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிவிட்டார்கள், அதோடு கதை முடிந்தது. "எந்த நாளில் அதிகம் குளிர்கிறது?" என்று கேட்டால் கதை மறுபடி தொடங்கும். நூறு இருநூறு ரூபாய் வெப்பமானி ஒன்றைப் பானைக்குள் ஒருமுறை, வெளியே நிழலில் ஒருமுறை வைத்துக் குறித்து வாருங்கள். வறண்ட மேற்குக் காற்று வீசும் நாளில் இரண்டுக்கும் நல்ல வித்தியாசம் இருக்கும். நவம்பர் அடைமழையில் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். காற்று ஏற்கெனவே ஈரத்தைக் குடித்து நிறைந்திருக்கும்போது பானையின் ஈரத்தை அது எங்கே கொண்டுபோகும்? மழைக்காலத்தில் துணி காயாத அதே காரணம். கொடியும் பானையும் ஒரே கணக்கில் வருகிறது என்று தெரியும்போது வருகிற சந்தோஷம் தனி.

ஒரு கேள்விக்கு ஒரு பக்கம். தேதி, கேட்டவர் பெயர், கேட்டபடியே கேள்வி. குழந்தை கேட்டதைத் திருத்தி எழுதாதீர்கள். "தோசைக்கு ஏன் ஓட்டை?" என்பதை "தோசையில் துளைகள் உருவாவது எவ்வாறு?" என்று எழுதினால் பாதி உயிர் போய்விடும்.

படி 2: உங்கள் ஊகத்தை முதலில் எழுதிவிடுங்கள்

சின்னப் படிதான், ஆனால் எல்லோரும் தாண்டிக் குதிக்கிற படி. விடை தெரிந்த பிறகு "நானும் இதைத்தான் நினைத்தேன்" என்று மனசு சொல்லும், பொய். என் நோட்டில் இன்னும் இருக்கிறது: "வெயில் சூட்டில் மஞ்சள் கருகிப் போகிறது." அது தப்பு. எப்படித் தப்பு என்பது அடுத்த படியில்.

படி 3: ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

முதலில் மஞ்சள் தாள். ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளைக் கால் டம்ளர் சானிட்டைசரில் (கூழாக இல்லாமல் தண்ணீராக இருப்பதில்) கலக்கிப் பத்து நிமிடம் விடுங்கள். வெறும் தண்ணீரில் கலக்கினால் சரியாக வராது. மஞ்சளுக்கு நிறம் தருகிற குர்குமின் தண்ணீரில் கரைய மாட்டேன் என்கிற ஜாதி, எண்ணெயிலும் ஆல்கஹாலிலும் கரையும். தாளித்த குழம்பின் மேலே மிதக்கிற எண்ணெய் எப்போதும் பளீரென்று மஞ்சளாக இருப்பதும் அதனால்தான். தெளிவை வடிகட்டி, அதில் வெள்ளைத் தாளை நனைத்து, நிழலில் காயவைத்து, விரல் அகலப் பட்டைகளாக வெட்டிக்கொள்ளுங்கள். சானிட்டைசர் தீப்பற்றும், அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம்.

இப்போது ஒவ்வொரு பட்டையிலும் ஒவ்வொரு சொட்டு. எலுமிச்சைச் சாறு, வினிகர், மோர், குழாய்த் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், உப்புத் தண்ணீர்: எதிலும் நிறம் மாறாது. துணி சோப்புக் கரைசலில் சிவக்கும். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிய வைத்த தண்ணீரில் அடர் சிவப்பாகும். விறகுச் சாம்பல் கரைத்த தண்ணீரும் சிவக்க வைக்கும். ஆப்பச் சோடா பட்ட இடம் மட்டும் இரண்டுங்கெட்டானாக ஆரஞ்சுக்குப் போகும். சிவந்த பட்டையில் எலுமிச்சை ஒரு சொட்டு விட்டால் மறுபடி மஞ்சள். வேட்டியை அலசியபோது நடந்ததும் இதுதான், சோப்பிலிருந்த காரம் தண்ணீரோடு போனதும் நிறம் திரும்பிவிட்டது.

சுண்ணாம்பைத் தொடும்போது எச்சரிக்கை. கண்ணில் பட்டால் விளையாட்டில்லை. சின்னக் குழந்தைகள் என்றால் அந்தச் சொட்டை நீங்களே விடுங்கள்.

இந்த இடத்தில் என் அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "இது என்ன அதிசயம், ஆலம் கரைக்கிறது இப்படித்தானே" என்றார். உண்மைதான். வாசலில் நிற்கும் மணமக்களுக்கு ஆலம் சுற்ற, தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்த்ததும் வருகிற சிவப்பு இதே சிவப்பு. பழைய முறையில் குங்குமம் செய்வதும் மஞ்சளோடு காரப் பொருள் சேர்த்துத்தான். வேதியியல் பாடத்தை எத்தனை தலைமுறையாகத் தட்டில் ஏந்திக்கொண்டு நின்றிருக்கிறோம்!

பட்டையை வைத்து வீட்டில் இருக்கிற சோப்புகளையெல்லாம் சோதித்தபோது முகத்துக்கென்று விற்கிற ஒரு கட்டி மட்டும் தாளைச் சிவக்க வைக்கவில்லை. மூன்று முறை பார்த்தேன். பிறகு படித்ததில் தெரிந்தது: அந்த வகைக் கட்டிகள் எண்ணெயும் காரமும் சேர்த்துச் செய்த சோப்பே அல்ல, செயற்கை அழுக்கு நீக்கிகளைக் கட்டியாக அழுத்தியவை. கடைக்காரர் அதையும் சோப்பு என்றுதான் கொடுத்தார், நானும் சோப்பு என்றுதான் வாங்கினேன்.

மஞ்சள் தாளுக்கு ஒரு குறை உண்டு. அதற்குக் காரம் மட்டும்தான் தெரியும். தண்ணீருக்கும் எலுமிச்சைக்கும் வித்தியாசம் சொல்லாது. அதற்குச் சங்குப்பூவிடம் போக வேண்டும். நீலச் சங்குப்பூ பத்தை வெந்நீரில் போட்டால் நீலச் சாறு வரும். எலுமிச்சை பிழிந்தால் ஊதா, இன்னும் பிழிந்தால் இளஞ்சிவப்பு. ஆப்பச் சோடா போட்டால் பச்சைப் பக்கம் போகும். ஒரே சாறு இரண்டு பக்கமும் பேசுகிறது. செம்பருத்திப் பூவிலும் செய்யலாம்.

இனி வெயில். பழைய வெள்ளைத் துணியில் மஞ்சள் தடவி மூன்று துண்டாக வெட்டினேன். ஒன்று பீரோவுக்குள். ஒன்று மாடியில் வெயிலில். மூன்றாவதும் அதே வெயிலில், ஆனால் அலுமினியத் தாளில் சுற்றி. மூன்றாவதுதான் முக்கியம். ஒன்றும் இரண்டும் மட்டும் இருந்தால், வெளுக்க வைத்தது வெயிலின் சூடா வெளிச்சமா என்று எப்படிச் சொல்வது? சாயங்காலம் பார்த்தபோது வெயிலில் திறந்து கிடந்தது வெளுத்திருந்தது. தாளில் சுற்றியது தொட்டால் சுட்டது, நிறம் அப்படியே இருந்தது. என் ஊகம் அங்கே செத்தது. குர்குமினைச் சிதைப்பது வெளிச்சம். மஞ்சள்தூள் டப்பாவை ஜன்னலோரம் வைக்காதே என்று பெரியவர்கள் சொல்வதற்கும் இங்கேயே பதில் கிடைத்துவிட்டது.

படி 4: ஒருமுறை நடந்தால் நம்பாதீர்கள் (அல்லது, கை ராசி விவகாரம்)

இட்லி மாவைக் கையால் கரைத்தால்தான் பொங்கும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். கரண்டியால் கலந்தால் பொங்காதாம். சோதிக்க எளிது. ஒரே மாவு, ஒரே அளவு கண்ணாடி ஜாடி இரண்டு, ஒன்றில் கையால் கலந்தது, மற்றதில் கரண்டியால் கலந்தது. ஜாடிக்கு வெளியே மாவு மட்டத்தில் ரப்பர் பேண்டு ஒன்று. மணிக்கு ஒருமுறை மட்டத்தைக் குறித்தால் போதும்.

முதல் நாள் கை ஜெயித்தது, அம்மாவுக்கு ஒரே குஷி. பிறகுதான் கவனித்தேன், கை ஜாடி அடுப்பு மேடையில் இருந்தது, கரண்டி ஜாடி ஜன்னல் பக்கம். அதாவது நான் இரண்டு விஷயங்களை மாற்றிவிட்டேன். அடுத்த மூன்று முறை இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தேன், ரப்பர் பேண்டுகள் பக்கத்துப் பக்கத்திலேயே நின்றன. பிறகு இரண்டிலும் கரண்டியால் கலந்து, ஒன்றை அடுப்பு மேடையிலும் ஒன்றை ஜன்னலிலும் வைத்தேன், மேடை ஜாடி முந்தியது. மாவைப் பொங்க வைக்கிற நுண்ணுயிர்கள், முக்கியமாக லியூகோனோஸ்டாக் என்கிற பாக்டீரியா, உளுந்தோடு ஏற்கெனவே வந்துவிடுகின்றன. அவை கார்பன் டை ஆக்சைடு விடுகின்றன, உளுந்தின் வழவழப்பு அந்தக் காற்றைப் பிடித்து வைக்கிறது. அரிசி மாவை மட்டும் ஒரு ஜாடியில் வைத்துப் பாருங்கள், புளிக்கும், ஆனால் பொங்கி நிற்காது. குளிர் நாளில் அந்த நுண்ணுயிர்களுக்குச் சோம்பல். வெதுவெதுப்பான கை குளிர்ந்த மாவுக்குக் கொஞ்சம் உதவலாம், எங்கள் ஊர் வெக்கையில் அதற்கு வேலை இல்லை.

இதை அம்மாவிடம் விளக்கினேன். "உன் கை ராசியில்லாத கை. நான் கலந்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றார். அதுவும் சோதிக்க வேண்டிய ஊகம்தான். இன்னும் தைரியம் வரவில்லை.

படி 5: அளக்கும்போது, எவ்வளவு தப்பலாம் என்பதையும் அளங்கள்

இது பெரிய படி, நிதானமாகப் போகலாம். இதற்கு எடுத்துக்கொண்ட கேள்வி என் மச்சான் மகளுடையது. "மாமா, பூமி எவ்வளவு பெருசுன்னு யாரு அளந்தா, டேப் எங்க கிடைச்சுது?"

கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் நடுவில் உள்ள ஊர்களில் வருடத்துக்கு இரண்டு நாள் நண்பகலில் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் வரும். நேராக நிற்கும் கம்புக்கு நிழலே இருக்காது. நிழலில்லா நாள் என்கிறார்கள். சென்னைக்கு அது ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில். மதுரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஏப்ரல் 15, 16 வாக்கில். கன்னியாகுமரிக்கு ஏப்ரல் 10 வாக்கில். இந்திய வானியல் கழகத்தின் தளத்தில் ஊர்வாரியாகத் தேதி பார்க்கலாம். டெல்லிக்காரர்களுக்கு இந்த யோகம் இல்லை, அவர்கள் கடக ரேகைக்கு வடக்கே இருக்கிறார்கள்.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எரட்டோஸ்தனிஸ் என்கிற கிரேக்க அறிஞர் செய்தது இதையே வைத்துத்தான். எகிப்தின் சையீனில் (இன்றைய அஸ்வான்) கோடையின் மிக நீண்ட பகல் நாளில், நண்பகலில் நிழல் இல்லை. அதே நாள் வடக்கே அலெக்சாந்திரியாவில் சூரியக் கதிர் செங்குத்திலிருந்து 7.2 பாகை சாய்ந்திருந்தது. கதிர்கள் இணையாகத்தான் வருகின்றன, அதனால் இந்தச் சாய்வு பூமியின் வளைவால் வந்தது. 7.2 என்பது 360இல் ஐம்பதில் ஒரு பங்கு. அப்படியானால் இரண்டு ஊருக்கும் நடுவிலுள்ள தூரத்தைப் போல ஐம்பது மடங்கு பூமியின் சுற்றளவு.

நாங்கள் சென்னையையும் நாகர்கோவிலையும் எடுத்துக்கொண்டோம். ஏப்ரல் 24 அன்று சென்னையில் எனக்கு நிழல் இல்லை, நாகர்கோவிலில் மச்சான் வீட்டு மொட்டை மாடியில் இருக்கும். நீங்கள் செய்வதானால் வரிசை இதுதான்.

ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான கம்பு. பிளாஸ்டிக் குழாய்த் துண்டு நல்லது, வளையாது. கொத்தனார் தூக்குக்குண்டு வைத்து நேராக நிற்கிறதா என்று இரண்டு பக்கத்திலிருந்தும் பாருங்கள். தூக்குக்குண்டு இல்லாவிட்டால் நூலில் சாவி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டால் ஆயிற்று. தரை மட்டமா என்று பார்க்க, தட்டு நிறையத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். மழைநீர் வடிய மொட்டை மாடித் தளத்தைச் சரிவாகத்தான் போட்டிருப்பார்கள், அதனால் ஒரு பலகையைக் கீழே சரி செய்து போடுவது உத்தமம்.

அடுத்தது நேரம். நண்பகல் என்றால் கடிகாரத்தில் 12 மணி என்று நினைத்துக்கொண்டு நாங்கள் முதல் வருடம் கோட்டை விட்டோம். இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு வைத்தது. சென்னை அதற்கு மேற்கே இருக்கிறது, நாகர்கோவில் இன்னும் மேற்கே. ஒரு பாகைக்கு 4 நிமிடம் தாமதம். ஏப்ரல் 24 அன்று சென்னையின் உண்மையான நண்பகல் 12:07 வாக்கில், நாகர்கோவிலுக்கு 12:18 வாக்கில். கணக்கு வேண்டாம் என்பவர்கள் 11:50 முதல் 12:40 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியைக் குறியுங்கள். மிகக் குட்டையான நிழல்தான் நண்பகல் நிழல். இந்த முறைக்கு எந்த நாட்டுக் கடிகாரமும் தேவையில்லை.

நாகர்கோவிலில் நிழல் தெற்கே விழுந்தது. மச்சானுக்கு அதுவே ஆச்சரியம். "மாப்ள, சூரியன் வடக்கலயா நிக்கி?" என்று போனில் கேட்டார். ஆமாம், அந்தத் தேதியில் அவர் தலைக்கு வடக்கே சூரியன் போயாயிற்று. பிறகு நீளம் கேட்டேன். அவர் எட்டு சென்டிமீட்டர் என்றார். "ஒம்பது இருக்கு, நல்லா பாருங்கப்பா" என்று பின்னாலிருந்து மகள் குரல்.

இரண்டு பேரும் சொன்னது சரி. சூரியன் புள்ளி அல்ல, வானத்தில் அரைப் பாகை அகலமுள்ள வட்டு. அதனால் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் நிழலின் நுனி கோடாக முடியாது. ஏறக்குறைய 9 மில்லிமீட்டருக்கு மங்கிக்கொண்டே போய் முடியும். அப்பா கருப்பாக இருக்கிற இடத்தோடு நிறுத்தினார். மகள் சாம்பல் நிறம் முடிகிற இடம் வரை போனாள்.

இந்த ஒரு சென்டிமீட்டர் என்ன செய்கிறது என்று பாருங்கள். சின்ன நிழலுக்குக் கோணம் கண்டுபிடிக்க, நிழல் நீளத்தைக் கம்பின் நீளத்தால் வகுத்து 57.3ஆல் பெருக்கினால் போதும். 8 செ.மீ. என்றால் 4.6 பாகை, 9 செ.மீ. என்றால் 5.15 பாகை. இரண்டு ஊருக்கும் வடக்கு தெற்காக உள்ள தூரம் சுமார் 540 கி.மீ. 360ஐக் கோணத்தால் வகுத்து 540ஆல் பெருக்கினால், அப்பாவின் பூமி சுமார் 42,400 கி.மீ., மகளின் பூமி சுமார் 37,700 கி.மீ. நடுவில் 8.5 என்று எடுத்தால் 40,000க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. துருவங்கள் வழியாகப் பூமியின் சுற்றளவு 40,008 கி.மீ. ஆனால் 8.5 எங்கள் அளவு என்று நான் சொல்லிக்கொள்ள மாட்டேன். எங்கள் அளவு "8க்கும் 9க்கும் நடுவில்". எங்கள் விடையும் அப்படியே, "37,700க்கும் 42,400க்கும் நடுவில்". கம்பையும் போனையும் வைத்துக்கொண்டு இரண்டு மொட்டை மாடிகள் இவ்வளவு சொன்னதே எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

இரண்டு இடத்தில் ஏமாறாதீர்கள். பஸ் தூரத்தைப் போடாதீர்கள். சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்குச் சாலை சாய்வாக, வளைந்து வளைந்து 700 கி.மீ. போகிறது. வேண்டியது வடக்கு தெற்குத் தூரம் மட்டும், அட்லஸில் அளவுகோலை வைத்து நேர் செங்குத்தாக அளக்க வேண்டும். இரண்டாவது, போனில் இரண்டு ஊரின் அட்சரேகையைப் பார்த்து, வித்தியாசத்தை 111 கி.மீ. என்பதால் பெருக்கித் தூரம் கண்டுபிடிக்காதீர்கள். அந்த 111 வந்ததே பூமியின் சுற்றளவை 360ஆல் வகுத்துத்தான். விடைத்தாளைப் பார்த்துக் கணக்கு எழுதுகிற வேலை அது.

மங்கலைக் குறைக்க ஒரு வழி உண்டு. கம்பின் உச்சியில் கிடையாக ஓர் அட்டையை ஒட்டி, அதில் ஊசியால் துளை போடுங்கள். நிழலுக்கு நடுவே ஒரு வெளிச்ச வட்டம் விழும். அது துளையின் நிழல் அல்ல, சூரியனின் படம். வட்டத்தின் நடுவைக் குறித்தால், 2 மில்லிமீட்டருக்குள் இரண்டு பேரும் ஒத்துப்போவீர்கள். வேப்பமரத்தடியில் வட்ட வட்டமாக வெளிச்சம் சிதறிக் கிடக்கிறதே, இலைகளுக்கு நடுவிலுள்ள சந்துகள் வட்டமாகவா இருக்கின்றன? ஒவ்வொன்றும் ஒரு சூரியப் படம். 2019 டிசம்பர் 26 வளையச் சூரிய கிரகணத்தின்போது மரத்தடி முழுக்கப் பிறையும் வளையமுமாக இருந்ததைக் கோவை, திருச்சிப் பக்கம் இருந்தவர்கள் பார்த்திருக்கலாம். சூரியனை மட்டும் நேராகப் பார்க்காதீர்கள். கூலிங் கிளாஸ், எக்ஸ்ரே பிலிம், வாளித் தண்ணீர் எதுவும் பாதுகாப்பு இல்லை. தரையைப் பார்த்தே இத்தனையும் செய்யலாம்.

சென்னையில் பரங்கிமலைப் பக்கம் போனால் இன்னொரு விஷயம் நினைத்துக்கொள்ளுங்கள். 1802இல் வில்லியம் லாம்ப்டன் என்கிற ஆங்கிலேய ராணுவ அதிகாரி இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளக்கத் தொடங்கியபோது, முதல் அடிக்கோட்டை (மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமான நேர்கோட்டை) சங்கிலி வைத்து அளந்தது இந்த மலைக்குப் பக்கத்தில்தான். சுமார் 12 கி.மீ. நீளம். அந்தச் சங்கிலி வெயிலில் நீளாமல் இருக்க அதை நிழலில் வைத்து, கூடவே வெப்பநிலையையும் குறித்துக்கொண்டு போனார்கள். எவ்வளவு தப்பலாம் என்று அவர்களும் அளந்திருக்கிறார்கள்.

படி 6: இப்போது படியுங்கள்

தேடுவதில் ஒரு சூட்சுமம். "மஞ்சள் சோப்பு சிவப்பு" என்று தமிழில் தேடினால் அழகுக் குறிப்பும் பரிகாரமும்தான் வரிசையாக வரும். பாடநூலில் அந்த விஷயத்துக்கு என்ன சொல் என்று முதலில் பிடியுங்கள். மஞ்சளுக்கு "நிறங்காட்டி", மாவுக்கு "நொதித்தல்". அந்தச் சொல்லைப் போட்டுத் தேடினால் வேறு உலகம் திறக்கும். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசம், ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையான அறிவியல் புத்தகங்கள் வீட்டுக் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்குப் போதும். பெரியவர்கள் எட்டாம் வகுப்புப் புத்தகத்தைத் திறக்கக் கூச்சப்பட வேண்டாம். பரீட்சை இல்லாமல் படிக்கும்போது அது வேறு புத்தகம்.

இலங்கை கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தமிழ்ப் பாடநூல்களும் இணையத்தில் கிடைக்கின்றன. அங்கே சொற்கள் வேறு. நம் ஆக்சிஜன் அவர்களுக்கு ஒட்சிசன், நம் இயற்பியல் அவர்களுக்குப் பௌதிகவியல். ஒரே விஷயத்தை இரண்டு இடத்திலும் படித்தால் இரண்டாவது தடவை நன்றாகப் புரிகிறது என்பது என் அனுபவம்.

பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் புதுவை அறிவியல் இயக்கமும் கொண்டுவரும் "துளிர்" மாத இதழ். குப்பையில் போகும் பொருளில் அறிவியல் பொம்மை செய்ய அரவிந்த் குப்தாவின் தளம். அதில் படம் பார்த்தே செய்துவிடலாம், மொழி பெரிய தடையில்லை.

நேரில் போக ஆசையிருந்தால் சென்னை கோட்டூர்புரத்தில் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையமும் அதே வளாகத்தில் பிர்லா கோளரங்கமும். திருச்சிக்காரர்களுக்கு அண்ணா அறிவியல் மையம். கொடைக்கானலுக்குச் சுற்றுலா போகிறவர்கள் ஏரியில் படகு விட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மேலே 1899இலிருந்து சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆய்வகம் இருக்கிறது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டது அங்கேதான். ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகம், அங்கே 1986இல் இயங்கத் தொடங்கிய தொலைநோக்கியின் ஆடி 2.3 மீட்டர் விட்டம். எங்கே போவதானாலும் பார்வையாளர் நாளும் நேரமும் முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போங்கள்.

படி 7: பகிரும்போது

குழந்தையிடம் விடையைக் கொடுக்காதீர்கள், மஞ்சள் பட்டையைக் கொடுங்கள். "இது எதுல சிவக்கும்னு கண்டுபிடி" என்றால் போதும், வீடு இரண்டாகும். ஒரு விதி மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: பிளீச்சிங் பவுடரையும் கழிவறை கழுவும் அமிலத்தையும் எந்தக் காரணத்துக்கும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது. குளோரின் வாயு வரும், மூச்சடைக்கும்.

குடியிருப்பு வாட்ஸாப் குழுவில் எழுதுவதானால் நான்கு வரி: என்ன கேள்வி, என்ன செய்தோம், எத்தனை முறை, எங்கே சந்தேகம். "விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று தொடங்கும் எதையும் அனுப்பும் முன் அதில் செய்து பார்க்க ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். சோற்றை உருட்டித் தரையில் அடித்தால் துள்ளுகிறது, அதனால் பிளாஸ்டிக் அரிசி என்று ஒரு வீடியோ சுற்றியது. நம் வீட்டு அரிசியில், தெரிந்த வயலில் விளைந்த அரிசியில் உருட்டிப் பாருங்கள், அதுவும் துள்ளும். குழைந்த மாவுச்சத்தின் குணம் அது.

நானும் தப்பாகப் பகிர்ந்திருக்கிறேன். பூமி சுழல்வதால் வாஷ்பேசினில் தண்ணீர் பூமியின் வட பாதியிலுள்ள நாடுகளில் எப்போதும் ஒரே திசையில் சுழன்று வடியும் என்று மாடியில் பத்துப் பிள்ளைகளிடம் அடித்துச் சொன்னேன். மறுநாள் ஒரு பையன் நோட்டோடு வந்தான். அவன் வீட்டில் ஒன்று, பாட்டி வீட்டில் ஒன்று, பள்ளியில் ஒன்று, மூன்று பேசின். மூன்றும் ஒரே பக்கம் சுழலவில்லை. அவன்தான் சரி. பூமியின் சுழற்சி புயலைத் திருப்பும். பேசின் அளவுக்கு அது ஒன்றுமே இல்லை, தண்ணீர் விழுந்த வேகமும் பேசினின் வடிவமும்தான் திசையைத் தீர்மானிக்கின்றன. குழுவில் என் தப்பை எழுதி, கீழே அவன் பெயரைப் போட்டேன்.

ஆகஸ்ட் 18ஐ நம்பி இருக்காதீர்கள், அந்த மாதம் மேகம் மூடிவிடும். எங்களுக்கு ஒருமுறை அப்படித்தான் போனது. ஏப்ரலை வைத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவிலில் அந்தக் குழாயை இன்னும் பிடுங்கவில்லை, உச்சியில் ஊசித்துளை அட்டையோடு நிற்கிறது. போன வாரம் போனில் மச்சான் மகள், "மாமா, டிசம்பர்ல நிழல் எம்புட்டு இருக்கும்?" என்றாள். அறுபது சென்டிமீட்டருக்கு மேலே இருக்கும் என்று எனக்குத் தெரியும், சொல்லவில்லை. அவள் அம்மாவுக்குத்தான் கோபம், துணி காயப்போடும் கொடிக்குக் குறுக்கே நிற்கிறதாம்.